களப்புப் பக்கக் கலரி

கற்பிட்டி
20.09.2013

அன்பு மச்சான் ஃபாஹிமுக்கு,

ஸலாம் சொல்லி எழுதுகிறேன். கட்டார் வெயிலில் கருகிப் போகாமல் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். இங்கே என் தங்கச்சி ஷஃபீனாவும் பிள்ளைகளும் சுகம். உன் வாப்பாவுக்கு முழங்காலில்தான் வருத்தம், வாயில் ஒரு வருத்தமும் இல்லை. என் கருவாட்டுக் கடை ஏதோ ஓடுகிறது. போனில் கதைத்தால் 'ம்... ம்...' என்று கேட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுகிறாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதை நீ உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும்.

புது ஸ்டேடியம் எப்படி என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். படங்களைப் பார்த்துவிட்டு 'மாஷா அல்லாஹ்' என்று வேறு சொன்னாயாம். படத்தில் நானும்தான் அழகாக இருக்கிறேன், நேரில் வந்து பார்!

உள்ளே போவதற்கு டிக்கெட். எந்தக் கலரியில், அதாவது எந்தப் பக்கத்துப் படிகளில் உட்கார வேண்டும் என்று டிக்கெட்டில் எழுதியிருக்கும். ஒரு கோலுக்குப் பின்னால் றோட்டுப் பக்கக் கலரி, மற்றக் கோலுக்குப் பின்னால், உப்பு நீர்க் களப்பை ஒட்டி, களப்புப் பக்கக் கலரி. இரண்டுக்கும் நடுவில் இரும்பு கேற், கேற்றில் காவல்காரன். யோசேப்பின் மேளத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியில் ஹிந்திப் பாட்டு. நம் கடற்பிறைக் கழகம் கோல் அடித்தாலும் அதே பாட்டு, வாங்கினாலும் அதே பாட்டு.

பழைய வாடியடி மைதானத்தில் நீ சென்டர் போர்வேட்டாக ஓடினாய். முதுகுக்குப் பின்னால் நாங்கள் செய்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். காற்றுப் பார்த்து மீன்பிடிகாரர் கரை மாறுகிற மாதிரி, நாங்களும் கரை மாறுவோம். நீங்கள் எந்தக் கோலுக்கு அடிக்கிறீர்களோ, அந்தக் கோலுக்குப் பின்னால் முழு ஊரும் நிற்கும். இடைவேளைக்கு விசில் ஊதியதும் நான் பச்சைக் கொடியைத் தூக்குவேன், யோசேப்பு மேளத்தில் ஒரு போடு போடுவான், அவ்வளவு சனமும் எங்களுக்குப் பின்னால் மைதானத்தைச் சுற்றி மற்றக் கோலுக்கு நடக்கும். எதிரணிக் கோல் காப்பாளனுக்கு எங்கள் மூச்சுச் சத்தமே கேட்கும். பாதி ஆட்டத்தை அப்படித்தான் வென்றோம். இப்போது பாதிச் சனம் தூரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது. சொந்த ஊரிலேயே தோற்றுக்கொண்டிருக்கிறோம், வெட்கம்!

உன் வாப்பா இன்னும் அந்த ஸ்டேடியத்துக்குள் கால் வைக்கவில்லை. நான் கூப்பிட்டதற்கு, 'அது கிறவுண்டா, ஆஸ்பத்திரியா? சத்தம் போடவே பயமாயிரிக்கி எண்டு பொடியனுவள் செல்றானுவள். நான் வரல்ல' என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடியடிக்குப் போய், மைதானத்தை வாங்கிய ஹோட்டல்காரன் அடித்த தகர வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார். எனக்கு அதைப் பார்க்க மனம் கேட்பதில்லை.

இன்னொன்று. களப்புப் பக்கக் கலரி பழைய உப்புப் பாத்தியை நிரவிக் கட்டியது அல்லவா? படிகளுக்கும் பின் சுவருக்கும் இடையில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. என் விரல் போகிறது. காவல்காரனிடம் கேட்டேன், 'சீமெந்து காயக்குள்ள அப்பிடித்தான் நானா' என்றான். இருக்கலாம், நான் கருவாட்டுக்காரன்.

உன்னிடம் ஒரு காரியம் கேட்கிறேன். கழகத் தலைவர் நிஸ்தார் ஹாஜியார் எங்கள் பேச்சைக் காதில் போடுவதில்லை, ஆனால் உன் பேச்சைக் கேட்பார். இறுதிப் போட்டிக்கு வந்தோமென்றால் அன்றைக்காவது கேற்றைத் திறந்து, மேளத்தையும் உள்ளே விட்டு, எங்களைக் கரை மாற விடச் சொல். அது ஒன்று கிடைத்தால் போதும், மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மச்சான்,
செய்னுலாப்தீன்

கற்பிட்டி
03.11.2013

அன்பு ஃபாஹிம்,

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் நன்றாகப் போனது. நீ அனுப்பிய உடுப்பு சின்னவளுக்குக் கொஞ்சம் பெரிது, ஆனாலும் கழற்ற மாட்டேன் என்று நிற்கிறாள். இந்தக் கடிதம் அவசரம். தபாலில் போடாமல், நாளைக்குப் பயணமாகும் றஹ்மாவின் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் சந்தோஷமானதைச் சொல்கிறேன். கடற்பிறை இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது! யுத்தம் முடிந்த பிறகு மன்னார்ப் பக்கத்து அணிகளும் இந்தப் பக்கம் வரத் தொடங்கியிருக்கின்றன, அங்கிருந்து வருகிற அணியோடுதான் ஆட்டம். நீ ஹாஜியாரோடு கதைத்தது பலித்துவிட்டது. ஜும்ஆ முடிந்து எல்லாரும் வெளியே நிற்கும்போது, அன்றைக்கு கேற் திறந்திருக்கும், மேளம் வரலாம், ஊர் வழமைப்படி கரை மாறலாம் என்று அவரே சொன்னார். பொடியன்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள், இந்த வயதில்! தேநீர்க் கடையில் எல்லாம் உன் பெயர்தான். 'ஃபாஹிம் கட்டாருக்குப் போயும் கோல் அடிக்கிறான்' என்கிறார்கள்.

உன் வாப்பா இறுதிப் போட்டிக்கு வரப்போகிறார். வெள்ளைச் சட்டையைத் தோய்த்து மினுக்கி வைத்தாயிற்று. முழங்கால் வருத்தத்துக்கு அவர் படி ஏற முடியாது என்று, களப்புப் பக்கக் கலரியின் அடிப்படிக்கு முன்னால் அவருக்கு ஒரு கதிரை போடச் சொல்லியிருக்கிறார் ஹாஜியார்.

இனி நான் சொல்வதைச் சிரிக்காமல் கேள்.

போன கிழமை முழுக்க மழை. மழை விட்டதும், கொடியை எங்கே கட்டலாம் என்று பார்க்க நானும் யோசேப்பும் களப்புப் பக்கக் கலரிக்குப் போனோம். அடியில் தண்ணீர் நின்றது. மழைத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். யோசேப்பு தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். உப்பு. கீழேயிருந்து ஊறுகிறது. விரல் போன வெடிப்பில் இப்போது என் கை மணிக்கட்டு வரைக்கும் போகிறது. எட்டி நின்று பார்த்தால் முழுக் கலரியும் முன்னுக்குச் சாய்ந்த மாதிரி இருக்கிறது. என் கண்ணில்தான் கோளாறோ என்று யோசேப்பிடம் கேட்டேன். அவன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அரையிறுதியில் நான் அந்தக் கலரியில்தான் இருந்தேன். அதில் இருந்தது பாதிச் சனம்தான். கோல் விழுந்ததும் எல்லாரும் குதித்தார்கள், என் காலுக்குக் கீழே படி அசைந்தது. அன்றைக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். இறுதிப் போட்டியில் முழு ஊரும் அதில் ஏறி நிற்கும். நாணயத்தைச் சுண்டி எந்தப் பக்கம் கிடைத்தாலும் ஒன்றுதான், இரண்டு பாதியில் ஏதோ ஒரு பாதியில் நாம் களப்புக் கோலுக்குத்தான் அடிப்போம். கரை மாறும் வழமையை விட்டிருந்தால் சனம் இரண்டு கலரிக்கும் பிரிந்து நிற்கும். சேர்த்துவிட்டது நாம்தான்.

ஹாஜியாரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். 'செய்னுலாப்தீன், கேற்றத் தொறங்க எண்டு அழுததும் நீங்கதான், இப்ப மூடுங்க எண்டு வாறதும் நீங்கதான். வீட்ட போய் ஒரு முடிவெடுத்திட்டு வாங்க' என்றார். பக்கத்தில் இருந்த, ஸ்டேடியம் கட்டிய கொந்தராத்துக்காரரும் சிரித்தார். மறுநாளே ஒரு மேசன் பாஸ் வந்து வெடிப்பைப் பூசி, முழுச் சுவருக்கும் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். இப்போது யாருக்கும் காட்ட அங்கே ஒன்றும் இல்லை. கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கத்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

கேட்டது நான்தான், ஓம். இப்போது வேண்டாம் என்பதும் நான்தான். மச்சான், நீ கேட்டுத் திறந்த கேற்றை நீயே கேட்டு மூடு. ஹாஜியாருக்கு இன்றே போன் எடு. அவர் கேட்காவிட்டால் உன் வாப்பாவிடமாவது போக வேண்டாம் என்று சொல். என் சொல்லை அவர் எடுக்க மாட்டார், உன் சொல்லைத் தட்ட மாட்டார்.

உன்னையே நம்பியிருக்கும்,
செய்னுலாப்தீன்

கற்பிட்டி
17.11.2013, ஞாயிறு, சுபஹு தொழுத பிறகு

ஃபாஹிம்,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு இரவெல்லாம் நான் கண் மூடவில்லை. ஹாஜியாரோடு கதைத்தாயாம். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று அவர் சொன்னாராம். இங்கே ஒரு இன்ஜினியரையும் யாரும் காணவில்லை. அது போகட்டும். கடைசியில் ஒன்று சொன்னாயே: 'பேர் எனக்கு வந்திட்டு எண்டு உங்களுக்குப் பொறாமையா மச்சான்?' சிரித்துக்கொண்டுதான் கேட்டாய், தெரியும். ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை. நான் சட்டென்று போனை வைத்தது அதனால்தான். கோபத்தை இப்போது விட்டுவிட்டேன், அதற்கு நேரமில்லை.

நேற்றுப் பின்னேரம் மறுபடியும் போய்ப் பார்த்தேன். புதுப் பெயின்ட் அதே இடத்தில், அதே கோட்டில் வெடித்திருக்கிறது. தலைமயிர் அளவுதான். அங்கே கொடித்தோரணம் கட்டிக்கொண்டு நின்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'பெயின்ட் காயுது நானா' என்றார்கள். சீமெந்தும் காய்கிறது, பெயின்டும் காய்கிறது, இந்த ஊரில் எல்லாமே காய்கிறது!

மன்னாரிலிருந்து பஸ்கள் வந்துவிட்டன. விடியும் முன்னே பொடியன்கள் பச்சை ஜேசியோடு றோட்டில் நிற்கிறார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, முழு ஊரும் வாருங்கள், கரை மாற வாருங்கள் என்று கூவுகிறார்கள். ஷஃபீனாவிடம் பிள்ளைகளை அனுப்பாதே என்றேன். சரி என்றாள். கலரிக்குப் பயந்து அல்ல, என் முகத்தைப் பார்த்துப் பயந்து.

சுபஹு முடிந்ததும் பள்ளி வாசலில் உன் வாப்பாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மாமா, இண்டைக்கு மட்டும் வீட்டில் இருங்கள், றேடியோவில் கேட்போம், நானும் கூட இருக்கிறேன் என்றேன். அவர் என் தலையைத் தடவினார். 'எண்ட மகன் தொறந்து தந்த கேற் இது, மகன். அதால நான் போகாம வேற யாரு போற?' என்றார். நான் பிடித்த கையை விட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் அழுதிருப்பாய்.

ஆட்டம் அசர் தொழுகைக்குப் பிறகு. நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். கொடியோடு றோட்டுப் பக்கக் கலரியில் நிற்பேன். எந்தப் பாதியானாலும் அங்கேதான் நிற்பேன், கரை மாற மாட்டேன். யோசேப்பிடம் சொன்னேன். 'நீ நிண்டா மேளமும் நிக்கும்' என்றான். மன்னார்க்காரன் எங்களை வாங்கிவிட்டான் என்று சொல்வார்கள், சொல்லட்டும். துரோகி என்று துப்புவார்கள், துப்பட்டும். கொடியும் மேளமும் அசையாவிட்டால், கால் பழகிய பழக்கத்தில் பாதிப் பேராவது எங்களோடு நின்றுவிடுவார்கள். அந்தப் பக்கம் பாதிப் பாரமாவது குறையும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உன் வாப்பாவின் கதிரையை மட்டும் என்னால் அசைக்க முடியவில்லை. தூரத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கடிதத்தை ஷஃபீனாவின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன், நாளைக்குத் தபாலில் போடுவாள். இது உன்னிடம் வரும்போது இங்கே நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கலரி இடிக்க முடியாத கோட்டையாக நிற்கட்டும். உன் வாப்பா தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வீட்டுக்கு வந்து பிளேன்டீ குடிக்கட்டும். இந்த ஊரில் சின்னப் பிள்ளை கூட 'பயந்தாங்கொள்ளிச் செய்னுலாப்தீன்' என்று என்னை மௌத்தாகும் வரை கூப்பிடட்டும். நீ லீவில் வரும்போது விமான நிலையத்திலேயே என்னைப் பார்த்து வயிறு நோகச் சிரி, மச்சான். எனக்காகக் கேட்கும் துஆவில் அந்த ஒன்றைத்தான் கேள்.

உன் மச்சான்,
செய்னுலாப்தீன்