லிஃப்ட்காரனின் முகம்

அன்பு மகள் வாலுக்கு அப்பா எழுதுவது,

நாற்பதைத் தொடப்போகிறவளை இன்னும் வாலு என்று எழுதுவீர்களா என்று அம்மா கேட்கிறாள், பெயர் வைத்தவன் நான், மாற்றுவதாக இல்லை. இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி படியேறும்போது மட்டும்தான் பேசுகிறது, மற்ற நேரமெல்லாம் அம்மாதான் பேசுகிறாள். கீழ்வீட்டுத் தையல்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார், அந்த மிஷின் சத்தம் இல்லாமல் மத்தியானம் வெறிச்சென்று இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன் குரல் கேட்டதும் நல்லா இருக்கோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவன் நான். இது அப்படிக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற விஷயம் இல்லை, அதனால்தான் பேனா எடுத்தேன்.

'எட்டாம் மாடி' மறுபடி வரப்போகிறது. நான் வேலை பார்த்த அந்தப் படக்கதைப் பத்திரிகைதான், முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நின்றுபோனது. பழைய முதலாளியின் பேத்தி பதிப்பகத்தை எடுத்து நடத்துகிறாள், பழைய இதழ்களைத் தொகுத்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து புதுக் கதையும் தொடங்கப்போகிறாளாம். உனக்கு ஏழு வயது இருக்கும்போது பரண் மேலிருந்த பத்திரிகைக் கட்டை இறக்கி ஒரு இதழைப் படித்துவிட்டு, ஆறு மாதம் என்னோடு லிஃப்டில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தாயே, அதேதான். அதில் வருகிற லிஃப்ட்காரன் அப்பா மாதிரியே இருக்கான் என்று அழுதாய், தற்செயலா அமைஞ்ச சாயல்டா கண்ணு என்று சமாளித்தேன். அது பொய். அந்த முகம் என் முகம்தான், என்னைப் பார்த்தே வரைந்தது. வரைந்தவர் யார், ஏன் வரைந்தார் என்று உனக்கு மட்டும் இல்லை, அம்மாவுக்கும் போன மாதம் வரை சொன்னதில்லை.

அச்சகத்துக்கு மேலே ஜன்னலோரம் நீளமாக ஒரு மேசை, இடது பக்கம் ஓவியர், வலது பக்கம் நான். சட்டைப் பையில் எப்போதும் மைக்கறை இருக்கும் என்பதால் அவரை எல்லாரும் மையண்ணன் என்போம், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து மை போட்டுத் தள்ளுவார், நான் பாத்திரங்கள் வாயிலிருந்து கிளம்பும் பலூனுக்குள் பேச்சை எழுதுவேன். கதை என்னவென்றால், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு லிஃப்ட்காரன், தொப்பி கண்ணை மறைத்திருக்கும், கம்பிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு பணிவாக, வாங்க, இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு என்பான், ஏறியவரை, கட்டடத்திலேயே இல்லாத எட்டாம் மாடிக்குக் கொண்டுபோய்விடுவான், யாரும் திரும்பி இறங்கியதில்லை. அறுபது இதழ் வரை அவன் முகத்தை யாருமே பார்க்கவில்லை. அறுபத்தொன்றில்தான் தொப்பியைக் கழற்றினான்.

அந்த முகத்தைத்தான் இப்போது சுவரொட்டியாக அடித்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள் வாலு. பஸ் நிறுத்தத்தில், நூலகத்து மதிலில், மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சந்தில். எனக்கு எழுபது, அவனுக்கு முப்பத்து நாலு. நான் வருகிற வழியெல்லாம் எனக்கு முன்னாலேயே வந்து நின்று சிரிக்கிறான். மழையில் ஒரு சுவரொட்டி பாதி கிழிந்து வாய் மட்டும் மிச்சம் இருந்தது, அதைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை, சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன். முகம் மழிக்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், கையால் தடவித் தடவி மழித்ததில் தாடையில் இரண்டு வெட்டு. அம்மா, உங்க மூஞ்சியப் பாத்துப் பயப்பட நான் ஒருத்தி போதாதா, ஊரே பயப்படணுமா என்று சிரித்தாள். என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை.

எந்தெந்த இதழைச் சேர்க்கலாம் என்று ரசிகர்களிடம் கருத்துக் கேட்கப்போவதாகச் சுவரொட்டியின் அடியில் போட்டிருந்தது, நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய புத்தகக் கடையின் மாடியில், புத்தகக் கட்டுகளையே இருக்கையாகப் போட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நரைத்தவர்கள், ஆனால் பேச்சு மட்டும் பள்ளிக்கூடத்துப் பேச்சு. பல் டாக்டர் ஒருவர் எழுந்து, கலர் மட்டும் போட்டுடாதீங்கம்மா, கலர் போட்டா பயம் போயிடும், பயம் போயிட்டா அப்புறம் என்ன மிச்சம் என்று பேத்தியிடம் கெஞ்சினார். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் தன்னுடைய இதழ்களைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தை போல மடியில் வைத்திருந்தார், மறுபதிப்பு வந்தாலும் இத ஒருத்தரும் தொடக்கூடாது என்றார். அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று, அறுபத்து நாலு, இந்த மூன்றையும் சேர்ப்பதா என்று பேத்தி கேட்டதுதான் தாமதம், கூடமே சீறியது. அதெல்லாம் ஒரு படமா, எவனோ கிறுக்கினது, அதாலதான் பத்திரிகையே படுத்துச்சு என்றார்கள். அந்த எவனோ கடைசிக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். அப்புறம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் பெரிதாக்கிய படங்களைப் பிரித்துக் காட்டி, அம்பத்தாறுலேருந்து அறுபது வரைக்கும் விரல மட்டும் பாருங்க, இது அவர் கை இல்லைங்க, யாரோ மேல பூசி மறுபடி போட்டிருக்காங்க என்றார். அச்சில் வந்து முப்பத்தாறு வருஷம் கழித்து, ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐயையோ, லிஃப்ட்காரன் என்று கத்தியேவிட்டார். அவ்வளவுதான், சூழ்ந்துகொண்டார்கள், தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள், ஒரே ஒரு தடவ அந்த வசனத்தச் சொல்லுங்க சார் என்றார்கள். சொன்னேன். கூடம் கை தட்டியது. சுவரோரம் நின்ற ஒரு பெண் மட்டும் தட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, நான் மையண்ணன் மக என்றாள். உன்னைவிட எட்டு வயது மூத்தவள், ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அப்பா கை நடுங்க ஆரம்பிச்சப்ப நீங்கதான் யாருக்கும் தெரியாம சரி பண்ணிக் குடுத்தீங்களாமே, அஞ்சு மாசம் அவர் தல நிமிந்து வேலைக்குப் போனது உங்களாலதானே சித்தப்பா என்றாள். சித்தப்பா என்றாள் வாலு. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவள் சொன்னதில் பொய் இல்லை, பாதிதான் இருந்தது. மீதியை நான் சொல்கிறேன். அண்ணனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது உண்மை, டீ கிளாஸ் தட்டோடு சேர்ந்து கிணுகிணுவென்று ஆடும், இரண்டு பேருமே கேட்காத மாதிரி இருப்போம். கோடு ஆடிய இடத்தில் வெள்ளைச் சாயம் பூசி நான் மேலே திருத்திப் போட்டேன், அவரும் பார்த்தும் பாராமல் இருந்தார். அறுபதாம் இதழ் முடிந்த அன்று அவர் டாக்டரிடம் போயிருந்தார், முதலாளி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, கையெல்லாம் இந்தத் தடவ உயிரோட இருக்கேப்பா என்றார். யார் போட்டது என்று அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான், அதெல்லாம் நான் போட்டது சார் என்றேன். ஐந்து வருஷம் பலூனுக்குள் எழுத்து மட்டும் எழுதிய வாய், ஒரு பாராட்டுக்குத் திறந்துகொண்டது. ஏன் நீ போட்டாய் என்று கேட்டார், நடுக்கத்தையும் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அண்ணனை அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு இதழ் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த அறுபத்தொன்றை என் பக்கம் தள்ளியபோது சொன்னது ஒன்றுதான், கடைசிக் கட்டத்துல எழுத்தக் கொஞ்சம் பெருசா போடு தம்பி. புரட்டினேன், தொப்பி இல்லாமல் நான் நின்றேன். அந்தப் பக்கத்தில் நடுக்கமே இல்லை. அலுவலகத்தில் எல்லாரும் நண்பனுக்குச் செய்த குறும்பு என்று சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே என் முகத்துக்குப் பக்கத்தில் என் கையாலேயே அந்த வசனத்தை எழுதினேன். அப்புறம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று இதழ் வரைந்தேன், வாசகர்கள் காறித் துப்பாத குறைதான், பத்திரிகை நின்றது. நாலு வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தபோது அந்தத் தெரு வரைக்கும் போனேன், எதிர்க் கடை வாசலில் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினேன்.

கூட்டத்திலிருந்து வந்த பிறகு மூன்று வாரம் அவள் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க, சொல்லாம திரும்பி வந்தா கதவத் திறக்கமாட்டேன் என்றாள். மத்தியானம் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். ரத்தம் பிடித்து வைத்த கண்ணாடிக் குழாய்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள், வாங்க சித்தப்பா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கையுறையைக் கழற்றாமல் கேட்டாள். முடித்ததும், அப்பாவுக்குத் தெரியும், மொதலாளி அன்னிக்கு மொகத்துக்கு நேரா என்னமோ சொன்னாராம், இதத்தான் சொல்லியிருக்காரு என்றாள். கோவத்துலதான் உங்கள வரஞ்சாரு, அந்தக் கோவத்துல கை நடுங்கவே இல்லயாம், வரைய வரையக் கோவம் எறங்கிடுச்சு, மொகம் மட்டும் நின்னுடுச்சுன்னு சொல்வாரு, என்ன கோவம்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்கமாட்டாரு, இப்பத்தான் எனக்கு விளங்குது என்றாள். நான் அழுதுவிட்டேன், மன்னிச்சிட்டாரா என்று கேட்டேன். அவள் அடுத்த குழாயை எடுத்துச் சீட்டை ஒட்டினாள். அவருக்குப் போயிடுச்சுங்க, எனக்கு இன்னிக்குத்தான் வருது என்றாள். சித்தப்பா போய் 'ங்க' வந்துவிட்டது.

வெளியே வந்து அப்படியே பதிப்பகத்துக்குப் போய்ப் பேத்தியிடமும் சொல்லிவிட்டேன். முதல் தொகுதியில் எந்த இதழில் யார் கை, அது எப்படி வந்தது என்று என் கையெழுத்திலேயே ஒரு பக்கம் வரும். ரசிகர்கள் குழுவில் இப்போதே தெரிந்துவிட்டது, பல் டாக்டர் இரண்டே வரியில் திட்டி அனுப்பியிருக்கிறார், என்னோடு எடுத்த படத்தை அழித்துவிட்டதாகக் கண்டக்டர் எழுதியிருக்கிறார். நீ இருக்கும் ஊரிலும் இந்தக் குழுவில் ஆட்கள் உண்டாம். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லவேண்டும் என்றுதான் இவ்வளவு நீளம். உனக்கும் கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடேயே எழுது, ஆறட்டும் என்று காத்திருக்காதே.

மையண்ணன் மகள் பேத்தியிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாம், அம்பத்தாறு முதல் அறுபது வரை அப்பா போட்ட கோடு அப்படியே வரவேண்டும் என்று. மூலப் பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய மை தண்ணீருக்குக் கரையாது, நான் பூசிய வெள்ளைச் சாயம் கரையும், ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றினால் அதன் மேல் நான் போட்ட கோடும் சேர்ந்து வந்துவிடும். பூசின ஆளே எடுக்கட்டும் என்று சொன்னாளாம். மூன்று சனிக்கிழமையாகப் போகிறேன். அவளே பஞ்சு கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. நேற்று ஒரு கட்டத்தில் என் விரல்களைத் துடைத்து எடுத்தேன், அடியிலிருந்து அவருடைய கை வந்தது, கம்பிக் கதவைப் பிடித்திருக்கும் கை, ஒரு கோடு நாலு கோடாக ஆடி ஆடி, இப்போதுதான் பிடித்த மாதிரி. நான் திருத்தியதைவிட எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புதுப் பஞ்சை நனைத்து என் பக்கம் நீட்டி, அடுத்த கட்டம் எடுங்க என்றாள்.

பேரனைக் கன்னத்தில் ஒரு கிள்ளு கிள்ளி, தாத்தா கேட்டதாகச் சொல். மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். உன் பாஸ்போர்ட் இந்த வருஷக் கடைசியோடு முடிகிறது என்று சொன்னாய், கடைசி நேரம் வரை தள்ளிப் போடாமல் இப்போதே விண்ணப்பம் எழுதிப் போடு.

என்றும் உன்
அப்பா