டேங்க் வாயில் நான் பேசிய இங்கிலீஷ்

என் உயிர் தோஸ்து தாஸுக்கு,

நீ படுத்திருக்கும் மூலக்கொத்தளத்து இடுகாட்டு மண்மேல் ஆணை, இந்தக் கதையை உயிரோடு இருப்பவன் எவனும் நம்பமாட்டான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எண்ணூர் எண்ணெய்க் கிடங்கில், உன் இடத்தில் இப்போது நான். தரைக்கடியில் கிடக்கும் கழிவெண்ணெய் டேங்கைக் கழுவ ஆள் இறங்கினால், வாயருகே காவல் நிற்கிற உத்தியோகம்.

அந்த டேங்க் சாமானியமா? அது ஏப்பம் விட்டால் ராயபுரத்தில் ஜன்னல் ஆடுகிறது. மேலே பறந்த காக்கைகள் நெட்டுக்குப்பத்துக்கே குடிபோய்விட்டன. முந்தாநாள் அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இனிஷியலோடு!

நேற்றுக் காலை, விஷவாயு பார்க்கும் மீட்டரைக் கயிற்றில் இறக்கினோம். சரியாக இருந்தது. ஆட்கள் இறங்கிச் சேற்றைக் கிளற, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. சாப்பாட்டுக்கு ஏறி வந்தார்கள். சாப்பிட்டு வந்து, மறுபடி மீட்டர் விடுவதற்குள் உள்ளே காலை வைத்தவன் யார் தெரியுமா? உன் மகன் மணி.

"இன்னா மாமா, நாத்தமே போயிட்ச்சு. எறங்கிடறேன்."

நீ சொல்வாயே: "நாத்தம் அடிச்சா பயப்படு மச்சான். திடீர்னு நின்னுட்டா இன்னும் பயப்படு. கேஸ் ஏறனா மூக்குதான் மொதல்ல சாவும்."

வெளியூரிலிருந்து வந்த, தமிழ் தெரியாத புது இன்ஜினியர் காதில் போன், போனில் மேனேஜர். அவர் சொன்னதை இன்ஜினியர் எங்களிடம் கத்தினார்: "மார்னிங் டெஸ்ட் ஓகே. லெட் ஹிம் கோ!"

லெட்! டீக்கடையில் என் தொடையில் தட்டித் தட்டி நீ மண்டையில் ஏற்றிய அதே லெட். அன்று நீ சொன்னது:

"லெட்டுக்கு அப்பறம் ஆளு, அப்பறம் வேல. நடுவுல டு போடாத. அலவ், பர்மிட் வந்தா ஆளுக்கப்பறம் டு போட்டே ஆவணும்."

"இன்னாத்துக்குடா எனக்கு இந்த பேஜாரு?"

"தப்பா சொன்னா சிரிப்பானுங்கோ. சிரிச்சா, நீ சொன்னது காதுல ஏறாது."

நெஞ்சை நிமிர்த்தி முழங்கினேன்: "ஐ டோன்ட் அலவ் ஹிம் டு கோ!"

டு சரியான இடத்தில் விழுந்தது, தாஸ். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் கேட்கவும் இல்லையே! இன்ஜினியர் மணியைப் பார்த்துக் கையசைத்தார். அவன் இடுப்புவரை இறங்கிவிட்டான்.

மணியின் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். மூடியைத் தள்ளி அதன்மேல் உட்கார்ந்தேன். பத்து கிரேன் வந்தது. துறைமுகத்துக் கப்பல் ஒன்று சங்கிலி கட்டி இழுத்தது. நான் அசையவில்லை.

"மாமா, மானம் போவுது, எயிந்திரு!"

"போவட்டும்டா. மொதல்ல மீட்டர எட்த்தார சொல்லு, எயிந்துக்கறேன்."

கொண்டு வந்தார்கள். நான் எழுந்து மூடியை நகர்த்த, கயிற்றில் விட்டார்கள்.

கிரேன் பொய். கப்பல் பொய். காக்கைகள் இன்னும் எங்கள் தலைமேல்தான் எச்சம் போடுகின்றன. மற்றதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் கயிறு பாதி இறங்குவதற்குள் அந்த மீட்டர் அலறியது. அது மட்டும் நிஜம்.

டேங்க் இன்னும் அங்கேதான் வாயைத் திறந்து கிடக்கிறது. நாளைக்கும் மணிக்கு அங்கேதான் வேலை. மீட்டர் அடங்காமல் அவனை இறங்க விடமாட்டேன். அதை எந்த பாஷையில் சொல்ல வேண்டியிருந்தாலும் சரி.

உன் பிள்ளைக்கு மாமனாய்,
மீட்டர் வராமல் டேங்க் மூடியை விட்டு எழாத உன் மச்சான்