கண்ணாடி மறைத்த நீலம்

மார்ச் 4
இன்று எங்கள் விளக்கு சூரியனையே வம்புக்கு இழுத்தது. பயறளவு பாஸ்பர் வில்லை, அவ்வளவுதான். லேசர் டயோடுகளின் நீலக் கதிர் பட்டதும் அதிலிருந்து மஞ்சள் கிளம்புகிறது. மிச்ச நீலமும் அதோடு சேர்ந்தால் கண் கூசும் வெள்ளை. கடலில் ஆள் தேடும் மீட்புப் படகுக்கு இது. மேனேஜர் — நாங்கள் வைத்த பெயர் ‘அவசரம்’ — “அடுத்த வாரம் காட்டணும், சீக்கிரம்” என்றார். பாராட்ட அவருக்கு நேரமில்லை.

மார்ச் 7
வெள்ளை குறைந்தால் லேசரை நிறுத்தும் சென்சார், சும்மா சும்மா நிறுத்தித் தொலைத்தது. மெக்கானிக் அண்ணன் ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதன் வாயை அடைத்தார். நானும் தலையாட்டினேன்.

மார்ச் 8
சோதனையின்போது நாங்கள் போடும் கண்ணாடி நீலத்தை முழுதாகத் தடுக்கும். இன்று விளக்கு திடீரென்று இருண்டது. அண்ணன் பக்கத்து அறையில் இருந்தார். அணைந்துவிட்டது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன்.

அணையவில்லை. வில்லை சூட்டில் கழன்று விழுந்திருந்தது. வெறும் நீலம் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியே அதுதான் இருட்டாகத் தெரிந்திருக்கிறது. வில்லை ஒட்டியிருந்த செம்புத் தகட்டில் பட்டு என் வலக்கண்ணில் தெறித்தது. ஒரு சிமிட்டல் நேரம்தான். லேசரை அணைத்துவிட்டுப் புது வில்லை ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் புள்ளி நிற்கிறது. போய்விடும்.

மார்ச் 9
போகவில்லை.

மார்ச் 11
எங்கே பார்க்கிறேனோ அங்கே எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது அந்தப் புள்ளி. இடக்கண் சிறுவயதிலிருந்தே மந்தம். வலக்கண்தான் உழைத்து இரண்டையும் காப்பாற்றியது. மகள் பள்ளியிலிருந்து வந்து நின்றாள். சுற்றிலும் முடி, நடுவில் சாம்பல். பயந்துபோய் அவள் கன்னத்தைத் தொட்டேன்.

“என்னம்மா, காய்ச்சலான்னு பாக்கிறியா?”

ஆமாம் என்றேன். சொன்னால் என்ன? சொன்னால் லேசர் மேஜையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த மேஜை இல்லாமல் நான் யார்?

மார்ச் 13
கண் டாக்டர்: “உள்ள தழும்பு விழுந்திருக்கு. மறையறது கஷ்டம். என்ன வேலை பாக்கிறீங்க?”

டீச்சர் என்றேன். வாய் கூசவில்லை. கண்ணை மூடினாலும் புள்ளி விழித்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 14
மறுபடி சோதனை. மறுபடி இருட்டு. விளக்கருகே அண்ணன். “அட, அணைஞ்சிடுச்சு மேடம்.” அவர் கை கண்ணாடிக்குப் போனது.

கத்தினேன். என்ன கத்தினேன், தெரியவில்லை. மெயினை அணைத்தேன். ஒரு நொடி தாமதிச்சிருந்தா? பாவி, அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா என்ன?

“கண்ணாடியில இருட்டாத்தானே இருந்துச்சு. எரியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து அந்த ஒயரைப் பிடுங்கினார். ‘அவசர’த்துக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “வீட்டுக்குப் போங்க” என்றார்.

ஏப்ரல் 2
என் மேஜையில் வேறு ஒருவர். சென்சாரைச் சரிசெய்த பிறகுதான் விளக்கு படகுக்குப் போகுமாம். அண்ணன் போனில் சொன்னார்.

ஏப்ரல் 6
வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இப்போது. நேராகப் பார்த்தால் மகளுக்கு முகமில்லை. காதைப் பார்த்தால் ஓரத்தில் மூக்கும் சிரிப்பும் மங்கலாக வருகின்றன. இன்று சாப்பிடும்போது பள்ளிக்கதை சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அம்மா, நீ என்னைப் பாக்கல.”

“உன்னைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்.”

“இல்ல. என் மூஞ்சியைப் பாக்கிற. காதைப் பாரு.”