வேலி முசுட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குகிறதா? போனில் சொன்னால் அம்மாவுக்கும் கேட்டுவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடிய மூலிகைகளைத் தேடிய எங்கள் ஆய்வுகூடக் கம்ப்யூட்டர், நம் வேலியில் படரும் முசுட்டைக் கீரையை முன்னுக்கு நிறுத்தியது என்று நான் துள்ளியதும் நீங்கள் இலையை அவித்து அம்மாவுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். "கைக்குது பிள்ளை, நீ கண்டுபிடிச்சதெண்டு கொப்பர் விடுறாரில்லை" என்று அம்மா சிரித்தா. அது வெறும் கணக்கு, அப்பா. ஆய்வுகூடத்தில் அந்தச் சாறு ஒரு புற்றுநோய்க் கலத்தையும் அசைக்கவில்லை. அம்மாவின் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் தரும் மருந்தை மட்டும் விடாதீர்கள்.

முசுட்டையை முன்புபோல வறையே வறுங்கள். தேங்காய்ப்பூவோடு அது வதங்கும் மணம் இங்கே எந்தத் திரையிலும் வராது. எனக்கும் கொஞ்சம் காயவைத்து அனுப்புங்கள். அம்மாவே வேலிவரை நடந்துபோய்க் கிள்ளியதாக இருக்கட்டும்.

பஸ் வந்துவிட்டது, இத்தோடு நிறுத்துகிறேன்.

மகள் ஜெனிற்றா