உங்கள் அப்பாவின் புள்ளடி

அண்ணை,

இன்று காலை லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவிக்குக் கண்ணில் வெண்படலம் விழுந்துவிட்டது. டொக்டர் கண்ணைச் சரிசெய்கிற நாள், டெர்மின், கோடைக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதுவரை கத்தியைத் தொடவேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். வெட்டுவதும் கழுவுவதும் இப்போது நான்தான். வெள்ளைத் தண்டைப் பிளந்து மடிப்புக்குள் இருந்த மண்ணை அலசும்போது அந்த மணம் வந்தது. வெங்காயமும் இல்லை, புல்லும் இல்லை, அப்படி ஒரு மணம். கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். கறி இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

எழுதுகிறேன், அண்ணை. என் கையால்தான். ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்காதீர்கள். விரல் நோகிறது, முழங்கால் நோகிறது, இந்தக் குளிர்காலம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு போகின்றன. செத்தவீட்டுக்குப் போட்டுப்போகிற கறுப்புக் கோட்டை அலுமாரிக்குள் மாட்டுவதையே நிறுத்திவிட்டேன். கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஆனாலும் ஒரு சொல் முழுதாக வந்து நிற்கும்போது அதை நானே திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததையே அது சொல்கிறது. இந்த வயதுக்கு இப்படி ஒரு சந்தோசம் மிச்சம் இருந்திருக்கிறது.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் இருவரும் பேசியது குசினி ஜெர்மன். பாதி வாயால், பாதி கரண்டியால். ஆகவே உங்கள் வாயிலும் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் வைக்கப்போகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுட்கார்ட்டில் அந்த ஆஸ்பத்திரிக் குசினிக்கு நான் வந்தபோது நீங்கள் அங்கே பழைய சமையல்காரர். நான் மரக்கறி வெட்ட வந்தவன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அண்ணை என்று கூப்பிட்டேன். எங்கள் ஷெஃப் அதை ஒரு ஜெர்மன் பெண்ணின் பெயர் என்று நினைத்து ஒரு கிழமை முழுக்கச் சிரித்தார். பிறகு அவரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்.

வேல்ஸ் என்று ஒரு நாடு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. "இங்கிலாந்தோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. பக்கத்து வீடு," என்றீர்கள். "வீடு எங்கட. பூட்டும் திறப்பும் அவங்களிட்டை."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு மார்ச் முதலாம் தேதியும் வெள்ளை மேலங்கியில் ஒரு சின்ன லீக்ஸ் தண்டைக் குத்திக்கொண்டு வருவீர்கள். உங்கள் நாட்டின் பெரிய நாள், உங்கள் நாட்டின் அடையாளம். ஷெஃப் வருடம் தவறாமல், "அதைக் கழட்டிச் சூப்புக்குள்ள போடு," என்பார்.

"முதல்ல உங்கட கொடியை அவிச்சுக் காட்டுங்கோ, பிறகு பாப்பம்," என்பீர்கள் நீங்கள்.

நான் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊர்க் கறிக்குள் போகிற மரக்கறியை ஒரு நாடு நெஞ்சில் குத்திக்கொள்கிறதே என்று.

பிறகு தொண்ணூற்றேழாம் ஆண்டு வந்தது. மே மாதம் லண்டனில் ஆட்சி மாறியது. உங்களுக்கென்று ஒரு சபை, சின்னப் பாராளுமன்றம் மாதிரி ஒன்று, வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் நாட்டுச் சனங்களிடமே கேட்கப்போவதாகப் புதிதாக வந்தவர்கள் சொன்னார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு. அன்றிலிருந்து கரட் வெட்டும் மேசையில் வேறு கதை இல்லை.

அதே கேள்வியை எழுபத்தொன்பதிலும் ஒருமுறை கேட்டிருந்தார்களாம். நீங்கள் அப்போது இளந்தாரி. வேண்டும் என்று போடச்சொல்லி வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தீர்கள். உங்கள் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்.

"பகிடிக்குத்தான் எங்கட வீட்டுக் கதவையும் தட்டினனான்," என்று சொன்னீர்கள். "அப்பா திறந்தார். நோட்டீசைப் பார்த்தார். 'கரி வெட்டுறவனுக்கு எல்லை எதுக்கு? தலைநகரம் எண்டு கார்டிஃபில நாலு பேர் கதிரையில இருக்கிறதுக்கோ?' எண்டார். கதவைச் சாத்திப்போட்டார். உள்ளுக்கை மேசையில என்ர சாப்பாடு இருந்தது, தம்பி. ஆறிப்போச்சு."

அந்த முறை உங்கள் பக்கம் படுதோல்வி. நீங்கள் வேலை தேடி ஜெர்மனிக்கு வந்தீர்கள், இங்கேயே கல்யாணம் செய்து இருந்துவிட்டீர்கள். பிறகு அங்கே சுரங்கத் தொழிலாளரின் நீண்ட வேலைநிறுத்தம் வந்தது. அதுவும் தோற்றது. அப்பாவின் சுரங்கத்தை மூடினார்கள். அம்மா செத்துப்போனார். அப்பா தனியே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் போன் எடுத்தால் மழையைப் பற்றியும் ரக்பியைப் பற்றியும் பேசுவார். சாத்திய கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

வெளிநாட்டில் இருந்ததால் உங்களுக்கு வாக்கு இல்லை. "என்ர வாக்கு அப்பாட்டைத்தான் இருக்கு," என்றீர்கள். "நாடு தோத்தாலும் தோக்கட்டும். அவர் ஒருக்கா ஓம் எண்டு போட்டால் எனக்கு அதுவே காணும்."

நான் அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஓம் எண்டுறதுக்கு என்ன சின்னம், அண்ணை? லீக்ஸ் தானே?"

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் நாட்டில் வாக்குச் சீட்டில் சூரியன் இருக்கும், யானை இருக்கும், சைக்கிள் இருக்கும். பார்த்து, அதற்கு நேரே ஒரு பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டுவிட்டு வருவோம். ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.

"சின்னம் ஒண்டும் இல்லை. இரண்டு வசனம். சபை வேணும் எண்டு ஒண்டு, வேண்டாம் எண்டு ஒண்டு. எங்கட பாஷையிலயும் இங்கிலிஷிலயும் எழுதிக் கிடக்கும்."

"அப்ப வாசிக்கத் தெரியாத ஆக்கள் எப்பிடிப் போடுறது?"

"அங்க எல்லாருக்கும்..." என்று தொடங்கினீர்கள். பாதியில் நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் கரட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்று சுவரில் இருப்பதை உங்களிடம் கேட்டு அறிவேனே, அது ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் கண்ணாடி போட்டதே இல்லை. சின்ன வயதிலேயே கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ விடப்பட்டவன் நான். பள்ளிக்கூடத்து வாசலைத் தெருவில் நின்று பார்த்ததுதான். உப்பில்லாத சாப்பாடு எது, சீனி வருத்தக்காரரின் சாப்பாடு எது என்பதெல்லாம் அட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இது வெளியே தெரிந்தால் ஆஸ்பத்திரிக் குசினியில் என்னை வைத்திருப்பார்களா என்று அன்றைக்கு முழுவதும் ஷெஃபின் கண்ணில் படாமல் திரிந்தேன்.

நீங்கள் மறுநாள் காலை வந்து, வேலை அட்டவணைக்கு முன்னால் நின்று, தனக்குத்தானே பேசுகிறவர் போலச் சத்தமாக வாசித்தீர்கள். "திங்கள் நான் காலமை. தம்பியும் காலமை. செவ்வாய் தம்பிக்கு லீவு."

"என்ன, வாய்விட்டு வாசிச்சால்தான் உனக்கு விளங்குமோ?" என்றார் ஷெஃப்.

"எங்கட நாட்டில சுவரோட கதைக்கிறது பழக்கம்," என்றீர்கள்.

அதன்பிறகு எல்லாவற்றையும் சத்தமாகத்தான் வாசித்தீர்கள். சாப்பாட்டுப் பட்டியல், கதவில் ஒட்டிய அறிவித்தல், யாருடையதோ பிறந்தநாள் அட்டை. உங்களுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பென்சன் எடுக்கும் நாள்வரை அந்தப் பெயரைச் சுமந்தீர்கள். நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் அது கெட்டுப்போயிருக்கும்.

அந்தக் கோடை முழுவதும் திங்கட்கிழமைகளில் நான் கேட்பேன். "என்னவாம் அப்பா?"

"மழையாம்."

"நேராக் கேளுங்கோவன்."

"கேட்டால் எனக்கு எதிராவே வேண்டாம் எண்டு போடுவார். உனக்கு அவரைத் தெரியாது."

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வருடம் என் சொந்தக்காரர் யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடி, வன்னியில் மரங்களுக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தார்கள். "உங்களிட்டைக் கேக்கிறாங்கள், அண்ணை. கடதாசியும் பென்சிலும் தந்து கேக்கிறாங்கள். எங்களிட்டை ஆர் கேட்டது?" என்றேன்.

நீங்கள் கத்தியை வைத்துவிட்டீர்கள். "அதைத்தான் தம்பி அவருக்கு விளங்கப்படுத்த ஏலாமல் கிடக்கு," என்றீர்கள்.

வாக்கெடுப்புக்கு முந்திய ஞாயிறு துணிந்து கேட்டுவிட்டீர்கள். "நீ அங்க இருந்துகொண்டு எனக்குச் சொல்லுறியோ?" என்று அப்பா போனை வைத்துவிட்டாராம்.

வாக்கெடுப்பு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்தபோது உங்கள் கண் சிவந்திருந்தது. ஷெஃப், "வெண்டதோ தோத்ததோ? முகத்தைப் பார்த்தால் ஒண்டும் தெரியேல்லை," என்றார். கடைசிவரை வேண்டாம் என்பதுதான் முன்னால் நின்றது, கடைசியாக வந்த ஒரு பகுதியின் வாக்கில்தான் மாறியது, மயிரிழையில் வென்றது என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டு உருளைக்கிழங்குச் சாக்கின்மேல் உட்கார்ந்தீர்கள். தேநீர் நேரத்தில் நடைகூடத்தில் இருந்த போனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். உங்கள் பாஷையோ இங்கிலிஷோ, எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு ஜெர்மனில் சொன்னீர்கள்.

"போனவராம். நடந்துதான் போனவராம்."

"என்ன போட்டவராம்?"

"'அது என்ர அலுவல்' எண்டு சொல்லிப்போட்டார்."

"ஓம் எண்டுதான் போட்டிருப்பார், அண்ணை," என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த குளிர்காலத்தில் அவர் செத்துப்போனார். நீங்கள் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தீர்கள். அவர் என்ன போட்டார் என்று அயலில் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் நாட்டில் சபை வந்தது, கட்டடம் எழும்பியது. அதைப் பற்றி நீங்கள் அதிகம் பேசவில்லை. "என்ன போட்டிருப்பார் தம்பி?" என்பது மட்டும் ஓயவில்லை. என் மகளின் கல்யாண மண்டபத்தில், வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள். பென்சன் விருந்தில் கேட்டீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் ஓம் என்றுதான் சொன்னேன். கடைசியில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, சத்தம் வரவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினீர்கள். என்ன கேட்கிறீர்கள் என்று உங்கள் மனைவிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. "ஓம் எண்டுதான்," என்றேன். நீங்கள் கண்ணை மூடினீர்கள். நல்லது செய்தேன் என்று நினைத்துக்கொண்டு டிராம் ஏறினேன்.

நீங்கள் போனபிறகுதான் நான் எழுத்துப் படித்தேன். மனைவிக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, "இவ்வளவு காலமும் நான் உங்களுக்கு வாசிச்சன். இனி நீங்கள்தான் எனக்கு வாசிக்கோணும்," என்றாள். ஜெர்மன் எழுத்தை மாலை வகுப்பில் படித்தேன், தமிழை அவளிடம் படித்தேன். வகுப்பில் எல்லாருக்கும் கிழவன் நான்தான். எல்லாரையும்விடச் சந்தோசமாக இருந்தவனும் நான்தான்.

இங்கே தேர்தல் வந்தது. அதற்கு முந்திய தேர்தல்களில், மேலிருந்து மூன்றாவது என்று மனைவி சொல்லிவிடுவாள், நான் போய்ப் போடுவேன். அவளுடைய வாக்கு, என் கை. இந்த முறை வாக்குப் போடுகிற பள்ளிக்கூடத்தில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த நீளச் சீட்டை மேலிருந்து கீழே வாசித்தேன். சாகும்வரை போடமாட்டேன் என்று இருக்கிற கட்சிகளையும் விடாமல் வாசித்தேன். பின்னால் யாரோ சப்பாத்தால் நிலத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும் என்று இருந்தேன். பிறகு ஒரு புள்ளடி போட்டேன்.

வெளியே மகன் பொறுமை கெட்டுப்போய் நின்றான். "என்னப்பா, உள்ளுக்கை நித்திரை கொண்டிட்டியளோ? ஆருக்குப் போட்டனீங்கள்?"

"அது என்ர அலுவல்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, அண்ணை. வாய் தானாகச் சொன்னது. மகன் சிரித்துக்கொண்டு காரை எடுக்கப் போனான். நான் அந்தப் பள்ளிக்கூட நடைகூடத்தில், பிள்ளைகள் கோட்டைத் தொங்கவிடுகிற கொளுக்கிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் நல்ல பிள்ளை. ஆனால் அந்தப் புள்ளடி என்னுடையது. அதில் பாதியைக்கூட அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தொழிற்சங்கம் சொல்லியும், முதலாளி சொல்லியும், கடைசியில் மகன் சொல்லியும் வாழ்ந்த உங்கள் அப்பாவுக்கு அந்தப் புள்ளடி எப்படி இருந்திருக்கும் என்று அப்போது விளங்கியது. நீங்கள் அவர் உங்களுக்குக் கதவைச் சாத்தினார் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நானும் அந்தக் கதவை என் ஓம் என்ற சொல்லால் தள்ளித்தள்ளிப் பார்த்தேன்.

களைத்துப்போனேன். கையும் நிற்கச் சொல்கிறது. இதை மட்டும் எழுதிவிடுகிறேன். இனி நீங்கள் கேட்டால் ஓம் என்று சொல்லமாட்டேன். தெரியாது அண்ணை என்றுதான் சொல்வேன். அந்தக் கிழவர் தனியாக நடந்து போனார், தனியாக ஒன்றைப் போட்டார், அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வருகிற வழியில் அவர் உங்களை நினைத்திருப்பார். அது மட்டும் எனக்குத் தெரியும்.