வாசலில் மறுபடி வேப்பிலை

ஏங்க,

குண்டனி நாட்டு மலைக்கிராமங்களில் இன்னும் சில குழந்தைகளுக்கு அம்மையாம். நர்ஸ் வேலை, முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். ஜெனிபருக்குக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது. கொப்புளத்தைச் சொறிய விடாதீர்கள்.

"சர்ச்சுக்குப் போகிற வீட்டில் இதென்ன" என்று நேற்று ராத்திரி நீங்கள் பிடுங்கிப்போட்ட வேப்பிலையை மறுபடி வாசலில் செருகியிருக்கிறேன். எடுக்காதீர்கள். நேற்று காலை, "அம்மை, உள்ளே வராதீர்கள்" என்று நான் கதவில் ஒட்டிய நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா கைக்குழந்தையோடு உள்ளே வரப் பார்த்தார். இலையைக் கண்டதும், "ஊட்டுல அம்மைங்களா?" என்று படியிலேயே நின்றுவிட்டார்.

பி.கு.: இன்று அவர் படியில் இளநீர் வைத்துவிட்டுப் போவார். "வாரேன்" என்று சொல்லமாட்டார். கோபம் என்று நினைக்காதீர்கள். அம்மை இருக்கும் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

நானும் உங்களிடம் சொல்லாமல்தான் கிளம்பினேன். அது கோபத்தில்.