நடுவில் மேடை வேண்டாம்

சின்னா,

உனக்கும் சுசித்ராவுக்கும் பாப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நான் இருக்கிறேன், மூட்டுவலி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் அப்பா போய் வருஷம் திரும்பாததால் மலை ஏறக்கூடாது, அதனால் வாசலில் நின்றே கும்பிட்டுக்கொள்கிறேன், பங்குனி உத்திரக் கூட்டம் மொட்டையும் காவடியுமாக நம் தெரு வழியாகத்தான் போகிறது, நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பார்க்கிறேன். போனில் சொன்னால் சைட்டுல இருக்கேம்மா அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். ஐந்தாவது வரை போன கைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துப் படி. ரோஷன் பீயின் மகன் ஜுபைர் வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், முறுக்கோடும் மாவடுவோடும் இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். சமையல்கட்டு சங்கதிதான். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அது முதலில் எழுத வரவில்லை, பின்னால் வரும், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ அங்கே பெரிய பெரிய வீடுகளுக்குச் சமையல்கட்டு பொருத்தித் தருகிறவன், உன் அம்மாவுக்கும் ஒன்று அப்படிச் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டாய், அது எனக்குத் தெரியாமலா இருக்கும். சுசித்ரா போனில் படத்தைக் காட்டி, அத்தை நீங்க நடுவுல நின்னுகினு எல்லாரையும் பார்த்துகினே சமைக்கலாம் என்றாள். எல்லாரும் என்றால் யாரு, இந்த வீட்டில் நான் ஒருத்திதானே என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை, அது ஆசையாகச் சொன்னது. நீ அதை ஐலண்டு என்கிறாய், முருகவேல் மேஸ்திரி நடுமேடை என்கிறான். அதற்கு நீ சொல்லிவைத்த கறுப்புக் கல்லைப் போன வாரம் லாரியில் கொண்டுவந்து மதில்மேல் சாய்த்துவிட்டுப் போனார்கள், ஆறடி நீளம், பளபளவென்று இருக்கிறது, பக்கத்தில் போனால் என் முகம் தெரிகிறது. தெருவில் போகிறவர்கள், அவருக்குக் கல்லு வெக்கிறீங்களா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ரோஷன் பீ வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னா யக்கா இம்மாம் பெருசா கீது, இது மேல சமைக்கறதா இல்ல படுத்துக்கறதா என்றாள். அவள் சிரிக்கத்தான் சொன்னாள், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் துணி காயப்போடுவதில்லை.

உன் படத்தில் அளவெல்லாம் இஞ்சுக் கணக்கில் போட்டிருக்கிறாய், எனக்கு அது புரியவில்லை. எழவு வீடு என்று வாசலில் கோலம் போட்டு ஆறு மாசம் ஆகிறது, டப்பாவில் அரிசி மாவு அப்படியே இருந்தது. மதிலில் கிடக்கிற கல்லையே அளந்துகொண்டு, அந்த மாவை எடுத்து நம் சமையல்கட்டுத் தரையிலேயே உன் மேடையை நிஜ அளவுக்கு வரைந்தேன், நீளம் ஆறடி அகலம் மூன்றடி, உள்ளேயும் கோடு கோடாக இழுத்து நிரப்பினேன், அப்போதுதானே அதை மிதிக்காமல் நடப்பேன். மூன்று நாள் அதைச் சுற்றிக்கொண்டுதான் சமைத்தேன். அடுப்பிலிருந்து தொட்டிக்கு முன்னே நாலு எட்டு, இப்போது ஒன்பது. இரண்டு பக்கமும் ஒன்றரை அடி சந்துதான் மிஞ்சுகிறது, பிரிட்ஜைத் திறந்தால் நான் நிற்க இடமில்லை. முருகவேல் எட்டிப் பார்த்துவிட்டு, உங்க புள்ள மஸ்கட்டுல இருந்து படம் போட்டு அனுப்பினு கீறாரு, நீங்க இங்க கோலம் போட்டுகினு கீறீங்க, நான் யாரு பேச்சைக் கேக்கறது என்றான். வேலை செய்கிற கை யாருது, அவ பேச்சைக் கேளு என்றேன். இந்த மட்டோடு போயிருந்தால் இடம் போதவில்லை, மேடை வேண்டாம் என்று போனிலேயே சொல்லி முடித்திருப்பேன்.

இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் நான் போட்ட மாவு நடுவில் மட்டும் ஈரமாகிக் கூழாகக் கிடந்தது. ஓரத்தில் பொடியாக இருக்கிறது, எறும்பு இழுத்துக்கொண்டு போகிறது, நடுவில் ஒரு எறும்பு இல்லை. பங்குனி வெயில், மேலே சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை, தொட்டியும் ஒழுகவில்லை. மிச்சத் தரையெல்லாம் மாவைத் தூவிவைத்தேன். மூன்றாம் நாள் முழு வட்டமாக வந்துவிட்டது சின்னா, தட்டை வைத்து வரைந்த மாதிரி, குறுக்கே ஐந்தடி இருக்கும். உன் மேடை அந்த வட்டத்தின்மேல்தான் உட்காருகிறது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது அது என்ன என்று.

உனக்கு அது தெரியாது, அப்போது உனக்கு இரண்டு வயசு. நம் வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தது, வற்றிப் போன கிணறு. அதை மூடித்தான் சமையல்கட்டைப் பின்பக்கம் இழுத்துக் கட்டினோம். அப்பா அவசரத்தில் பழைய கூரையைப் பிரித்த பனஞ்சட்டம், ஓலை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மேலே மண்ணைக் கொட்டினார். ஆனால் ஒன்று மட்டும் முறையாகச் செய்தார், கிணற்றை மூடினால் அது மூச்சுவிட ஒரு குழாய் நிறுத்தவேண்டும் என்று அடியிலிருந்து மேல்வரை குழாய் நிறுத்தினார், தரையோடு தரையாக அதன் வாய்க்கு ஒரு சல்லடை மூடி போட்டார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு சொம்புத் தண்ணீர் அதில் ஊற்றுவார், பார்த்திருப்பாய். நீ அதைத் தண்ணீர் போகிற ஓட்டை என்று நினைத்தாய். ஒருநாள் மூடியைக் கழற்றிக் கோலிக்குண்டைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய், உன் அப்பா உன்னை அடித்தது அன்றைக்கு ஒருநாள்தான், நினைவிருக்கா.

முருகவேலைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தான், ஓரத்தில் கெட்டியாகக் கேட்டது, வட்டத்துக்குள் வந்ததும் தவில் மாதிரி கேட்டது. ஒரு ஓட்டை போட்டுக் கம்பியை விட்டான், ஒரு முழம் போனதும் கம்பி கையைவிட்டு நழுவி உள்ளே போய்விட்டது. கொஞ்சம் பொறுத்துத் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. முப்பது வருஷமாக வற்றிய கிணறு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். முருகவேல் தன் வெறும் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம், யம்மா கொஞ்சம் அந்தாண்ட வந்து நில்லுங்க என்றான். மரத்த போட்டு மூடிக்கீறாங்க, அது மக்கிப்போய் உள்ள காலியா கீது, நாலு இஞ்சு தரை மேலதான் இத்தினி நாளா நடந்துகினு கீறீங்க என்றான். மறுநாள் உன்னிடம் பேசிவிட்டு வந்து வேறு மாதிரி பேசுகிறான், கம்பி கட்டிக் கான்கிரீட்டு ஊத்தி மூடிட்டா யானை நின்னாலும் தாங்கும்னு உங்க புள்ள சொல்லிட்டாரு, திங்கக்கிழமை ஊத்திடலாம் என்கிறான். யானை வரப்போவதில்லை சின்னா, பாப்பா வரும். வருஷ திதிக்கு நீங்கள் வரும்போது அது அந்த மேடையில் ஏறிக் குதிக்கும், நாமெல்லாம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்போம். கான்கிரீட்டு தாங்கும் என்கிறாய், உன் கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை இன்னொரு தரம் மூட நான் விடமாட்டேன். இன்னொரு தரம் என்று ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன்.

போன ஆவணி கடைசியில் அப்பா பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் போயிருந்தார். அந்தக் குழாயிலிருந்து கரப்பான்பூச்சி ஏறி வந்துகொண்டே இருந்தது, அரிசி டப்பா வரைக்கும் வந்துவிட்டது. குளியலறை வேலையில் மிச்சமான சிமெண்டு இருந்தது, நானே குழைத்துச் சல்லடை மேலேயே போட்டுக் கரண்டியால் பூசிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானேதான். அவர் வந்து பார்த்தார். மூடிட்டியா மணி என்றார். ஆங், கரப்பான்பூச்சி தாங்கல என்றேன். அதுக்கு மூச்சு அடைக்குமேடி என்றார், அவ்வளவுதான், ஒரு சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அன்றைக்கே முடிந்திருக்கும். அதற்கப்புறம் அவர் சமையல்கட்டில் உட்கார்ந்து சாப்பிடவில்லை, தட்டைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். காபி கொடுத்தால் வாசற்படியில் நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்த இடத்தை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தார். வெள்ளிக்கிழமை சொம்பை எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தார். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் அவர் போனார். காபி குடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று உன்னிடமும் ஊரிடமும் சொன்னேன். அது பொய். அன்றைக்கு மத்தியானம் நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மூன்று அடி விழுந்தது, டொக் டொக் டொக் என்று, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அவர் போய்த் திறப்பார் என்று இருந்துவிட்டேன். அலசி, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அவர் அந்தக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார், ஒரு கையில் உளி, சுத்தியல் தள்ளிக் கிடந்தது. சிமெண்டில் மூன்று கொத்து. முதலில் நான் செய்தது என்ன தெரியுமா, அவர் கையிலிருந்து உளியைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டேன், அப்புறம்தான் கத்தினேன். இவள் மூடினாள், அவன் திறக்கப் போய்ச் செத்தான் என்று ஊர் பேசும் என்று அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் ஓடியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு இதயம் நின்றுவிட்டது, முன்னாடியே வலி இருந்திருக்கும் என்றார். முருகவேல் தரையைத் தட்டிப் பார்த்த அன்றைக்கு, இங்க யாரும்மா கொத்தி வெச்சது என்று கேட்டான், தெரியாதுப்பா என்றேன். ஈரம் முதலில் கண்டது அந்த மூன்று கொத்தில்தான். உளி இப்பவும் டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது, நான் எடுக்கவில்லை.

அதனால் என் சமையல்கட்டை நானே வரைந்திருக்கிறேன், இந்தத் தாளின் பின்பக்கம் பார், தீக்குச்சி ஒன்று ஒரு அடி என்று வைத்து வரைந்தது. மேடை கிழக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் மட்டும், நடுவில் ஒன்றும் வேண்டாம். அடுப்பு அக்னி மூலையில், நான் கிழக்கே பார்த்து நிற்கிற மாதிரி, தொட்டி ஜன்னலுக்குக் கீழே. மேடை உயரம் என் இடுப்புக்கு, உன் ஊர் ஆட்களின் இடுப்புக்கு இல்லை. சிலிண்டர் வெளியே. பிரிட்ஜை இந்தப் பக்கக் கெட்டித் தரைக்குக் கொண்டுவந்துவிடு. காய் நறுக்க எனக்கு மேடை வேண்டாம், பின்வாசல் பக்கம் அரிவாள்மணையோடு உட்கார்ந்துகொள்கிறேன், வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். நடுவில் வட்டத்தைத் தோண்டி, மக்கியதை எடுத்து, கல்லும் மணலும் போட்டுக் கெட்டியாக நிரப்பி, குழாயைத் திறந்து, புது மூடி போடச் சொல். மூடியைச் சுற்றி மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கம்பித் தடுப்பு வைத்தால் பாப்பா போகாது. அந்தக் கறுப்புக் கல்லை இரண்டாக அறுத்துச் சுவர் மேடைக்கே போட்டுக்கொள்ளலாம், வீணாகாது. உன் ஆசையை நான் உடைக்கவில்லை, ஓரமாகத் தள்ளி வைக்கிறேன்.

சுசித்ராவிடம் உளி சங்கதியைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். வெயில் ஏறுகிறது, உச்சிவேளையில் சைட்டில் நிற்காதே, மோர் குடி. பாப்பாவுக்கு மாவடுவைக் கழுவிக் கொடு, காரம். நீங்கள் மூன்று பேரும் போன கால் நோகாமல் திரும்பி வரவேண்டும், நீ நட்டுவைக்கிற அடுப்பெல்லாம் நன்றாக எரியவேண்டும், அதற்கு மேல் எனக்கு வேறென்ன வேண்டும். மறந்துவிடாதே, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முருகவேல் கலவை மெஷினோடு வருவான், என் பேச்சைக் கேட்கமாட்டான், புள்ள சொன்னா நிறுத்தறேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ அவனுக்குப் போன் செய்யவேண்டும். செய்யாவிட்டால் நான் அந்த வட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன், அது தாங்குமா என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

உன்னைப் பெற்றவள்,
மணியம்மை,
திருத்தணி

பின்பக்கம் வட்டத்துக்குள் மூன்று புள்ளி இருக்கும், மை சிந்தியது என்று நினைக்காதே, அவர் கொத்திய இடம் அது. துணி துவைக்கிற கல்லுக்கு இன்றைக்கும் போகிறேன், அங்கிருந்து சமையல்கட்டுக்குப் பதினோரு எட்டு, எண்ணிப் பார்த்துவிட்டேன். மூன்றாவது சத்தம் கேட்டதும் துணியை அப்படியே போட்டுவிட்டு நான் ஓடியிருந்தால், உன் அப்பா நாலாவது அடியை அடித்திருப்பாரா சின்னா?